வெட்டும் முன் அளந்து பாருங்கள், தம்பிகளே!

கார் பானட்டில் துளை போடும் இளைஞனை நம் சமுதாயம் இரண்டே விதமாகத்தான் பார்க்கிறது. "காசைக் கரியாக்குகிறான்" என்று பெற்றோர் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "இவனும் ரெம்பிட் கூட்டம்தான்" என்று அக்கம்பக்கத்தார் முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்த இளைஞனுக்குள் ஒரு மாணவன் இருக்கக்கூடும் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை.

பத்து பாகாட்டில் மாலை நேரங்களில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு நான் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். அழுத்தம் என்ற பாடத்தில் பெர்னோலி தத்துவம் வரும்போது பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதே மாணவர்கள் வகுப்பு முடிந்து வெளியே போனதும், எந்த காருக்கு எந்த ரேடியேட்டர் பொருந்தும், எந்த இயந்திரம் எத்தனை சுற்றில் சூடாகும் என்று ஒரு மணி நேரம் நின்று பேசுவார்கள். பாடம் ஒரு பக்கம், ஆர்வம் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கும் இடம்தான் இந்த பானட் துளை.

என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பந்தயத் திடலில் ஓட்டும் காருக்குத் தன் கையாலேயே காற்றுத் துளை அமைக்க விரும்பும் இளைஞனைத் தடுக்க வேண்டாம். ஆனால் கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் அவன் அளந்து பார்க்க வேண்டும். அளக்கத் தெரியாமல் வெட்டுவது வெறும் அலங்காரம். அளந்த பிறகு வெட்டுவது பொறியியல்.

நம் வெயிலில் ரேடியேட்டருக்கு என்ன சிக்கல்?

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாகப் போய்விடும். எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்நீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. நகரச் சாலையில் இதைச் சமாளித்துவிடலாம். பந்தயத் திடலில் சுற்றுக்குச் சுற்று முழு விசையில் ஓட்டும்போதுதான் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும்.

ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது குளிர்நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. குளிர்நீர் 90 டிகிரி, குளிர்நாட்டுக் காற்று 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 85. இங்கே ஜொகூரில் நண்பகல் காற்று 33 டிகிரி. வேறுபாடு 57 மட்டுமே. ஆக, அதே ரேடியேட்டர், அதே காற்றோட்டம் இருந்தும் இங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவாகத்தான் வெளியேறும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் எடுத்த காணொளியைப் பார்த்து நம் ஊரில் அப்படியே செய்பவர்கள் ஏமாறுவதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

எனவே நம் நாட்டில் பந்தயக் காருக்குக் காற்றோட்டம் அவசியம். 1968-இல் ஷா ஆலமில் திறக்கப்பட்ட பத்து தீகா திடலிலும், 1986-இல் ஜொகூர் பாசிர் கூடாங்கில் திறக்கப்பட்ட திடலிலும், 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் திடலிலும் ஓட்டிய எல்லாருமே எதிராளிகளோடு வெப்பத்தையும் சேர்த்தே வெல்ல வேண்டியிருந்தது. செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். இரண்டு நீண்ட நேர்பாதைகள் கொண்ட அந்தத் திடலில் பழைய வீரா காரை நான்கு சுற்று விடாமல் விரட்டினால் குளிர்நீரின் நிலை என்னவென்று தெரிந்துவிடும்.

காற்று எங்கே போக விரும்புகிறது?

காற்று முன்பக்கக் கிரில் வழியாக நுழைந்து ரேடியேட்டரைக் கடந்து இயந்திர அறைக்கு வருகிறது. வந்த காற்று வெளியேற வழி இருந்தால்தான் பின்னால் வரும் காற்று உள்ளே நுழையும். கூட்டம் நிறைந்த பேருந்தில் பின்வாசலை மூடிவிட்டு முன்வாசலில் ஆளை ஏற்ற முடியுமா? ரேடியேட்டரின் கதையும் அதுதான். பானட் துளை என்பது அந்தப் பின்வாசல்.

ஆனால் அந்த வாசலை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காரின் மூக்கைத் தாண்டி பானட் வளையும் இடத்தில் காற்று விரைந்து ஓடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. பின்னோக்கிப் போகப் போக, எதிரே முன்கண்ணாடி சரிவாக நிற்பதால் காற்று தடைபட்டு வேகம் குறைகிறது. கண்ணாடியின் அடியில் அழுத்தம் கூடிவிடுகிறது. பெர்னோலி 1738-இல் நீரோட்டத்தைப் பற்றி எழுதிய நூலில் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவைச் சொன்னார். நம் பானட்டின் மேல் ஓடும் காற்றுக்கும் அந்த உறவு பொருந்தும்.

இதற்குச் சான்று வேண்டுமானால் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பாருங்கள். வைப்பருக்குக் கீழே இலைச் சருகு தேங்கும் கறுப்பு நிறச் சல்லடை இருக்கும். பயணிகள் அறைக்குக் காற்று நுழையும் வழி அதுதான். அங்கே அழுத்தம் அதிகம், காற்று தானாக உள்ளே வரும் என்பது தெரிந்தே தயாரிப்பாளர்கள் அதை அங்கே வைக்கிறார்கள். 1969-ஆம் ஆண்டின் செவர்லே கமாரோவில், கண்ணாடிப் பக்கம் பார்த்துத் திறந்த பானட் மேடு ஒன்று விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. இயந்திரம் மூச்சு வாங்குவதற்கான காற்றை அது அங்கிருந்துதான் எடுத்தது.

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். பானட்டின் பின் கீலில் வாஷர்களை அடுக்கி, கண்ணாடிப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு ஓடும் கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சூடான காற்று அவ்வழியே வெளியே போகும் என்பது நம்பிக்கை. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது அது உண்மைதான். சூடான காற்று மேலெழுந்து இடைவெளி வழியே போகும். வேகமாக ஓடும்போதோ கண்ணாடியடியில் உள்ள உயர் அழுத்தம் வெளிக்காற்றை அதே இடைவெளி வழியாக உள்ளே தள்ளும். பின்வாசல் வழியாக ஆள் இறங்குவதற்குப் பதில் ஏறினால் எப்படி? ரேடியேட்டர் வழியே வரவேண்டிய காற்றுக்கு உள்ளே இடமில்லாமல் போகிறது. குளிர்விக்கச் செய்த ஏற்பாடே குளிர்ச்சியைக் குறைத்துவிடுகிறது.

பத்து வெள்ளிக்கு ஓர் ஆய்வுக்கூடம்

ஜாலான் குளுவாங் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியல் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆனால் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். அவருடைய வீராவிலும் பானட் பின்பக்கம் தூக்கித்தான் இருந்தது. "சார், தூக்கி வைத்தும் நாலாவது சுற்றில் முள் ஏறிவிடுகிறதே, ஏன்?" என்று கேட்டார். "என்னைக் கேட்காதே, தம்பி. காற்றையே கேட்போம்" என்றேன்.

மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய், கொஞ்சம் சிவப்புச் சாயம் கலந்த நீர், ஓர் அடிக்கோல், ஒரு பலகைத் துண்டு. மொத்தச் செலவு பத்து வெள்ளிக்குள். குழாயை 'யு' வடிவில் வளைத்துப் பலகையில் பொருத்தி நீர் ஊற்றினால் மனோமீட்டர் தயார். ஐந்தாம் படிவப் பாடநூலில் படமாக இருக்கும் அதே கருவி. குழாயின் ஒரு முனையை இயந்திர அறைக்குள் விட வேண்டும். மறு முனையை, நடுவில் சிறு துளையிட்ட தட்டையான தகட்டில் பொருத்தி, பானட்டின் மேல் ஒட்ட வேண்டும். திடலில் ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் குழாயைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஆள் அமர ஏற்பாட்டாளர்கள் அனுமதிக்காவிட்டால், கைப்பேசியைப் பொருத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே அழுத்தம் அதிகமாக இருந்தால், உட்பக்கக் குழாயில் நீர் இறங்கி வெளிப்பக்கக் குழாயில் ஏறும். அந்த இடத்தில் துளை போட்டால் காற்று வெளியேறும் என்று பொருள். நீர் எதிர்த்திசையில் நகர்ந்தால் அங்கே துளை போடக் கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதித் தரும் அழுத்தம் ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். வேகம் 150 ஆனால் அது 100 மில்லிமீட்டரைத் தொடும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, அழுத்தமோ இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதைக் கரும்பலகையில் பத்து முறை எழுதினாலும் பதியாத தலையில், இந்தச் சிவப்பு நீர் ஒரே முறையில் பதியவைத்துவிடும்.

குழாயோடு கம்பளி நூலையும் சேர்த்துக்கொள்ளலாம். விரல் நீள நூல்களை பானட் முழுவதும் ஒட்டுப்பட்டையால் ஒட்டி, ஓடும்போது படம் எடுத்தால், காற்று எங்கே சீராகப் பாய்கிறது, எங்கே சுழல்கிறது என்று நூல்களே காட்டிவிடும்.

அந்தத் தம்பியின் காரில் கண்ணாடியடியில் நீர் எதிர்த்திசையில் நகர்ந்தது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானட்டின் முன்பகுதியில், நல்ல உறிஞ்சல் தெரிந்தது. வாஷர்களைக் கழற்றினார். முன்பகுதியில் பின்னோக்கித் திறக்கும் அலுமினியச் சாய்தகடுகளை ரிவெட் அடித்துப் பொருத்தினார். அடுத்த முறை திடலுக்குப் போய் வந்தவர் என்னிடம் நீட்டியது ஒரு நோட்டுப் புத்தகம். சுற்று வாரியாகக் குளிர்நீரின் வெப்பம், வெளிக்காற்றின் வெப்பம், நேரம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். நான்காம் சுற்றுக்குப் பிறகும் வெப்பம் ஒரே நிலையில் நின்றிருந்தது. துளையைவிட அந்த நோட்டுப் புத்தகம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சில எச்சரிக்கைகள்

துளை என்பது கடைசி மருந்து. முதலில் குளிர்நீர் சரியாக இருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, நீர்ப்பம்பும் விசிறியும் வேலை செய்கின்றனவா, ரேடியேட்டர் இதழ்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளைத் தகடாலோ நுரைப்பட்டையாலோ அடைக்க வேண்டும். காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும். ஓரத்தில் சந்து கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையாமல் நழுவிவிடும். இதைச் செய்தாலே பல கார்களில் துளைக்குத் தேவை இருக்காது.

வெட்டத்தான் வேண்டும் என்றால், பானட்டின் அடியில் உள்ள வலுச்சட்டங்களையும் பூட்டு, கீல் பகுதிகளையும் தொடக் கூடாது. விபத்தில் பானட் எப்படி மடங்க வேண்டும் என்பதையும் தயாரிப்பாளர்கள் கணக்கிட்டே அமைத்திருக்கிறார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்கி, துருப்பிடிக்காமல் சாயம் பூச வேண்டும். துளைக்கு நேர் கீழே மின்சாதனங்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நம் ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது.

பழைய வீராவுக்கு மிட்சுபிஷி எவோ 3 பானட்டை மாட்டுவது நம் நாட்டில் நீண்டகால மோகம். வீராவே லான்சரை அடிப்படையாகக் கொண்டது என்பதால் அது பொருந்துகிறது. 1995-இல் வந்த எவோ 3-இன் துளைகள் ராலி பந்தயத்துக்காக, டர்போ இயந்திரத்தின் வெப்பத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. கடையில் கிடைக்கும் ஃபைபர் நகல்களில் சிலவற்றில் துளையின் உருவம் மட்டும் இருக்கும், வழி இருக்காது. வாங்கும் முன் கையை விட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இது திடலில் ஓட்டும் காருக்கான வேலை. பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் மாற்றம் செய்வதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிமுறைகள் உண்டு. கேட்டுத் தெளிந்த பிறகே கை வைக்க வேண்டும். இரவில் சாலையை மறித்துப் பந்தயம் விடுபவனுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட ஆதரவு இல்லை. வேகத்தின் மீது உண்மையான ஆசை உள்ளவன் திடலுக்குப் போகட்டும்.

பட்டறையிலிருந்து எழுந்தவர்கள்

"இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கோயம்புத்தூரைப் பாருங்கள். எஸ். கரிவரதன் என்ற தமிழர் அங்கே சிறிய மாருதி காரின் இயந்திரத்தைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். வெளிநாட்டு வண்டி வாங்க வசதியில்லாத இளைஞர்களும் பந்தயத்துக்குள் வர அது வழி திறந்தது. அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தம் தொடக்க காலத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார்.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு இருக்கிறது. மலேசிய இந்தியரான கரம்ஜிட் சிங் 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். ஓட்டுநரின் பெயர்தான் செய்தியில் வரும். ஆனால் ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னாலும் அளந்து, குறித்து, திருத்திய கைகள் பல இருக்கும். நம் பிள்ளைகள் எல்லாரும் ஓட்டுநராக முடியாது. அந்தக் கைகளாக நிச்சயம் முடியும்.

அதற்கான கதவுகளும் நம் ஊரிலேயே இருக்கின்றன. நகரிலிருந்து 20 கிலோமீட்டர் அளவு தள்ளி பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1993-இல் பாலிடெக்னிக் பணியாளர்களுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கி, 2007-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அது. அட்டெக் எனப்படும் உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையமும் பத்து பாகாட்டில் உண்டு. எஸ்.பி.எம். புள்ளிகள் கைகொடுக்காதவர்களுக்கு எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. ஏற்கெனவே பட்டறையில் அனுபவம் பெற்றவர்கள், வகுப்பில் மீண்டும் முதலிலிருந்து உட்காராமலே, முன்பெற்ற திறனுக்கான அங்கீகாரம் என்ற முறையில் இந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அதை பி.பி.தி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தாம் செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கோப்பாகக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர்கள் அதைச் சோதிப்பார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தவறவிடுகிறார்கள். கையில் வேலை இருக்கிறது, தாளில் எதுவும் இல்லை. பத்தாண்டு உழைத்தும் உதவியாளராகவே நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை காரைப் பிரித்துப் போட்டால் உடனே திட்டாதீர்கள். "ஏன் இப்படிச் செய்கிறாய், எதை வைத்து முடிவு செய்தாய்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் ஊக்கப்படுத்துங்கள். இல்லையென்றால் பதிலைத் தேடச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். பள்ளி அறிவியல் கழகத்தில் ஒரு நாள் 'யு' குழாய் செய்ய வையுங்கள். மேசை விசிறியும் ஒரு விளையாட்டுக் காரும் போதும், பாடம் தொடங்கிவிடும். பட்டறை உரிமையாளர்களே, உங்களிடம் வேலை கற்கும் தம்பிகளுக்கு ஸ்பேனரோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுங்கள்.

இளைஞர்களே, உங்கள் கைத்திறனைப் பற்றி எனக்கு ஐயமில்லை. அடுத்த முறை பானட்டின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போடும்போது, "இந்த இடம்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணால் விடை சொல்ல முடிந்தால், தாராளமாக வெட்டுங்கள்.